காருக்குள்ளே கச்சேரி... காது தாங்குமா?

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மழை விட்டிருந்தது. கரண்ட் போயிருந்தது. வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே சம்பா வயல். கீழே தவளைகளின் கச்சேரி, அதற்கு மேலே சில்வண்டுகளின் ரீங்காரம்.

"தஞ்சாவூர் டவுன்ல இந்தச் சில்வண்டுச் சத்தத்தை எங்கே கேக்க முடியுது!" என்றேன்.

பக்கத்தில் இருந்த அக்கா மகன், "சில்வண்டா? எங்க மாமா? தவளைதானே கத்துது?" என்றான்.

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். "நல்லாக் கேளு மாப்ளே, காதைக் குடையுதே!" என்றேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கேட்கவில்லை.

எனக்கு வயது 54. அவனுக்கு 26. மாமனுக்குக் கேட்பது மருமகனுக்குக் கேட்கவில்லை என்றால் ஒரு வைத்தியன் சும்மா இருக்க முடியுமா? காலையில் கொட்டகைப் பக்கம் போய்ப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது.

முன்பு மாடு கட்டிய கொட்டகையில் இப்போது ஒரு பழைய கார் நிற்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டிக்கியைத் திறந்தால் மரப்பெட்டிக்குள் 12 அங்குல 'சப்-ஊஃபர்' இரண்டு, பக்கத்தில் 'ஆம்ப்ளிஃபயர்', நாலு கதவிலும் புது ஸ்பீக்கர். நாலு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவனே செய்திருக்கிறான். டிப்ளமா படித்தவன், கை சும்மா இருக்காது. "பாட்டு போட்டா சீட்டு அதிரும் மாமா" என்று பெருமையாகச் சொன்னான். தினமும் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கச்சேரிதான்!

ஆலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் ஒலி அளக்கும் கருவி வாங்கி வந்து, டிரைவர் சீட்டில் காது இருக்கும் இடத்தில் பிடித்துப் பார்த்தேன். அவன் வழக்கமாக வைக்கும் அளவில் 112 டெசிபல் காட்டியது.

மறுவாரம் அவனைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போய் 'ஆடியோகிராம்' எடுத்தோம். தாழ்ந்த சுருதி, நடுச் சுருதி எல்லாம் நன்றாகக் கேட்கிறது. 4000 ஹெர்ட்ஸ் என்கிற உச்ச சுருதியில் மட்டும் கோடு சடாரென்று பள்ளத்தில் இறங்கியிருந்தது. வலது காதில் 45 டெசிபல் குறைவு, இடது காதில் 40. வலது காதுதானே டிரைவர் பக்கத்துக் கதவை ஒட்டி இருக்கிறது! சில்வண்டு பாடுவதும் ஏறக்குறைய அந்தச் சுருதியில்தான். தவளைக் குரல் தாழ்ந்தது. அதனால் அது கேட்டது, இது கேட்கவில்லை.

சத்தத்தால் கெட்ட காதை இந்த 4000 பள்ளத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இதில் ஒரு சங்கடம், காது கெட்ட ஆளுக்கு அது தெரிவதே இல்லை. எதிரில் நின்று பேசினால் கேட்கிறது, செல்போன் மணி கேட்கிறது. வீட்டுப் பெண்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். "கூப்பிட்டா காதுலயே வாங்கறதில்ல", "டி.வி.யை எதுக்கு இப்படி அலற விடறே?" என்று ஆரம்பிக்கும். ச, ஸ, த போன்ற எழுத்துகளின் கூர்மை உச்ச சுருதியில் இருப்பதால் 'சட்டி'யும் 'தட்டி'யும் ஒன்றாகக் கேட்கும். கல்யாண வீட்டு இரைச்சலில் பேச்சு புரியாது. குழந்தையின் மழலை பிடிபடாது. உங்கள் வீட்டுப் பிள்ளை 'அசட்டை' பண்ணுகிறான் என்று திட்டுவதற்கு முன்னால் ஒருமுறை காதைச் சோதித்துவிடுங்கள்.

சாய்ந்த பயிர்

சித்த மருத்துவத்தில் ஐம்பொறிகளை ஐம்பூதத்தோடு சேர்த்துச் சொல்லுவோம். செவி ஆகாயத்தின் கூறு, அதன் புலன் ஓசை. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் இதை மனப்பாடம் பண்ணினேன். இன்றைய அறிவியல் உள்காதுக்குள் நுழைந்தே பார்த்துவிட்டது. அங்கே நத்தைக் கூடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு. அதற்குள் வரிசை வரிசையாக மயிர்க்கால் செல்கள். ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது இருப்பதுதான் கணக்கு, அப்புறம் புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை.

நம் டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காற்றடித்தால் நெற்பயிர் சாய்கிறது, காற்று நின்றால் நிமிர்ந்துகொள்கிறது. பெருங்காற்றும் மழையும் சேர்ந்து சாய்த்து, நாலு நாள் தண்ணீரில் கிடந்தால்? அழுகிப் போகிறது. மயிர்க்கால் செல்களும் அப்படித்தான். அளவான சத்தத்தில் ஆடி நிமிரும். பெருஞ்சத்தத்தில் சாயும். அப்போதுதான் பாட்டை நிறுத்தியதும் காதுக்குள் 'ங்ங்ங்...' என்று ரீங்காரம் கேட்கும், காது பஞ்சு வைத்த மாதிரி அடைக்கும். ராத்திரி ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். ஆனால் தினமும் சாய்த்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் நிமிராது. வயலிலாவது அடுத்த போகம் உண்டு.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்? வேலைத்தலங்களுக்காக வகுத்த கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100-க்குக் கால் மணி. மருமகன் கேட்ட 112-க்கு ஒரு நிமிஷம்கூட இல்லை! அவன் கேட்டதோ தினமும் ஒன்றரை மணி நேரம். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அளவு சொன்னது: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம்.

"சரி, எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடவா?" என்று கேட்டான், முகம் வாடிப் போயிருந்தது. கழற்றச் சொன்னால் கேட்பானா? ஒரு மாதம் கழித்து மறுபடி மாட்டுவான். "கழட்ட வேண்டாம், ஒழுங்காக் கட்டுவோம்" என்றேன். அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் நான் கொட்டகையில்தான்.

வாட் எதுக்கு?

'வாட் அதிகமானால் சத்தம் அதிகம், சத்தம் அதிகமானால் நல்ல செட்' என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். இது பாதிதான் உண்மை. சாதாரணக் கதவு ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே, ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 90 டெசிபல் வரும். நிதானமாகப் பாட்டுக் கேட்க ஒரு வாட்டுக்கும் குறைவே போதும்! மின்சாரத்தை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்.

அப்படியானால் பெரிய ஆம்ப்ளிஃபயர் எதுக்கு? தவிலைக் கேளுங்கள். நாதஸ்வரம் இழைந்து போய்க்கொண்டிருக்கும்போது 'தொம்' என்று ஓர் அடி விழுகிறதே, அந்தக் கண நேரம் சராசரியைவிட 20 டெசிபல் எகிறலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. ஒரு வாட்டில் ஓடுகிற பாட்டு, அந்த ஒரு அடிக்கு நூறு வாட் கேட்கும். அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபயரிடம் சரக்கு இல்லாவிட்டால் ஓசை நசுங்கி, கிழிந்த துணி மாதிரி வரும். 'சரியாக் கேக்கலியே' என்று நாம் இன்னும் திருகுவோம். அதனால் பலம் கையிருப்பாக இருக்கட்டும், தினச் செலவுக்கு வேண்டாம்.

கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். இவன் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் மேல் '1500 வாட்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. பின்னால் இருந்த ஃப்யூஸைப் பார்த்தேன். 30 ஆம்பியர். கார் ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். 14-ஐ 30-ஆல் பெருக்கினால் 420 வாட். உள்ளே போவதே 420 என்றால் வெளியே 1500 எப்படி வரும்? நல்ல 'கிளாஸ் டி' ஆம்ப்ளிஃபயராக இருந்தால் ஐந்தில் நாலு பங்கு, ஏறக்குறைய 330 வாட் வரும். பெட்டியில் 'ஆர்.எம்.எஸ்.' என்று சின்ன எழுத்தில் இருப்பதுதான் நிஜக் கணக்கு. 'மேக்ஸ்' என்று போட்டிருப்பது ஜாதகத்தில் எழுதுகிற பொருத்தம் மாதிரி!

பெட்டியும் கதவும்

எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்தது பெட்டிதான். தஞ்சாவூர் வீணையின் குடத்தைப் பலா மரத்தில் குடைந்து செய்வார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வீணை அது. தந்தியின் அதிர்வை வாங்கிக் குடமும் தானும் அதிர்ந்து பாடும். சப்-ஊஃபர் பெட்டி இதற்கு நேர் எதிர். பெட்டி அசையவே கூடாது, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மட்டும்தான் அசைய வேண்டும். மருமகன் வீட்டுக் கதவு வேலையில் மிச்சமான மெல்லிய பலகையில் பெட்டி அடித்திருந்தான். தட்டினால் தகர டின் மாதிரி சத்தம். பலகை பாடியதால் பாட்டுத் தெளியவில்லை, தெளியாததால் வால்யூமை ஏற்றினான். காது போன கதை இங்கேதான் ஆரம்பம்.

18 மி.மீ. பலகைதான் சரி. பட்டணத்தில் 'எம்.டி.எஃப்.' பலகையில் செய்கிறார்கள். நம் ஆற்றங்கரை ஈரத்துக்கு அது ஊறிப்போய் உப்பிக்கொள்ளும். அதனால் தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட் வாங்கினோம். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கு, காற்றுப் புகாத மூடிய பெட்டி என்றால் பொதுவாக 28-லிருந்து 35 லிட்டர் கொள்ளளவு. (ஸ்பீக்கரோடு வரும் தாளில் கம்பெனி சொல்லும் அளவு இருக்கும், அதுதான் முதல் கணக்கு.) உள் அளவு 38 செ.மீ., 35 செ.மீ., 28 செ.மீ. வைத்தோம். 37 லிட்டர் சொச்சம் வந்தது. ஸ்பீக்கரின் உடம்பு அடைக்கும் இடம் போக 35. கணக்கு சரிதானா என்று பார்க்க, அக்கா லிட்டர் படியால் நெல்லை அளந்து அளந்து உள்ளே கொட்டினாள். "விதை நெல்லுடா, ஒரு மணி சிந்தக் கூடாது!" என்ற நிபந்தனையோடு. சரியாக இருந்தது. அப்புறம் மூலைகளில் சிலிக்கான் பூசி, உள்ளே தலையணைப் பஞ்சு கொஞ்சம் அடைத்து மூடினோம்.

ஓட்டை வைத்த பெட்டியும் உண்டு. காலிக் குடத்தின் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே தத்துவம். அதே வாட்டுக்குச் சத்தம் கூட வரும், ஆனால் ஓட்டையின் நீள அகலம் கொஞ்சம் தப்பினாலும் ஒரே சுருதியில் 'பூம் பூம்' என்று கொட்டும். வீட்டில் முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு மூடிய பெட்டிதான் நல்லது. இரண்டு சப்-ஊஃபரில் ஒன்றைக் கழற்றிவிட்டோம். காரே ஒரு சின்ன மூடிய அறை, ஆழ்ந்த ஓசையை அதுவே தூக்கிக் கொடுக்கும்.

அடுத்தது கதவு. வெறும் தகரம், தட்டினால் 'டங்'. ஸ்பீக்கரின் முதுகிலிருந்து வரும் ஓசை கதவின் ஓட்டைகள் வழியே முன்னால் வந்து, முன்பக்க ஓசையை அடித்துவிடுகிறது. ரப்பர் மாதிரியான 'பியூட்டைல் ஷீட்'டைத் தகரத்தின் நடுவில் ஒட்டி, உள் ஓட்டைகளை மூடினோம். தட்டினால் இப்போது 'தொப்'. கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், துரு ஏறிவிடும். விலை குறைவு என்று தார் ஷீட் ஒட்டினால் சித்திரை வெயிலில் காருக்குள் தார் வாடை கிளம்பும், தலைவலி இலவசம். கதவைச் சரிசெய்தால் இன்னொரு லாபமும் உண்டு. வண்டி ஓடும்போது உள்ளே வரும் ரோட்டு இரைச்சல் குறையும். அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டைக் கொண்டுபோகத்தானே நாம் ஏற்றுகிறோம்? இரைச்சல் இறங்கினால் பாட்டும் இறங்கலாம். ஒரே தெருவில் இரண்டு மைக் செட் போட்டி போடும் கதைதான்.

இதை எழுதும்போது டிராக்டர் ஓட்டும் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். கேபின் இல்லாத டிராக்டரில் இன்ஜின் சத்தமே 90 டெசிபலுக்கு மேல். அதற்கு மேலே கேட்க வேண்டும் என்று மட்கார்டில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு நாள் பூரா உழுகிறார்கள். அவர்களுக்குப் பாட்டைவிடக் காதடைப்பான்தான் முதலில் தேவை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பாஞ்சு அடைப்பான் போதும்.

கொட்டகையில் கவனம்

வைத்தியன் என்ற முறையில் இந்தப் பகுதியைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். '12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது' என்பார்கள். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் சுடும்! பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஸ்பேனர் இருக்கும்போது, கையில் இருக்கும் மோதிரமோ காப்போ அதில் பட்டு இன்னொரு பக்கம் காரின் உடம்பைத் தொட்டால், அந்த வளையத்தின் வழியாக நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கண் இமைக்கும் நேரத்தில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுற்றிச் சுட்டுவிடும். மோதிரம், காப்பு, வாட்ச் மூன்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கடைசியாக மாட்டுவதும் அதையே. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடியும் கூடாது, தீப்பொறியும் கூடாது.

பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் வயர்தான் தீப்பிடிக்கும் இடம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். இவன் ஃப்யூஸை டிக்கியில், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்திருந்தான். நடுவழியில் வயர் தோல் உரிந்து தகரத்தைத் தொட்டால், அந்த ஃப்யூஸுக்குத் தெரியவே தெரியாது, பேட்டரி முழுசும் அந்த வயர் வழியாகக் கொட்டும். ஃப்யூஸ் காப்பது வயரை. வயர் தாங்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். மலிவான வயர்களில் செம்பு முலாம் பூசிய அலுமினியம் உண்டு. அதே கனத்தில் செம்பைப்போல ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தாங்கும். கத்தியால் லேசாகச் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும். புதுக் கார்களில் ஏர்பேக் வயர்கள் பெரும்பாலும் மஞ்சள் உறைக்குள் போகும். அந்தப் பக்கமே கை வைக்க வேண்டாம். கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் மின்சாரத்துக்கு இன்ஜினை ஓடவிட்டு 'டியூன்' பண்ணுவார்கள். சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர்தான், 30 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணியில் காலி. ஆனால் மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதீர்கள்! புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, நிறம் இல்லை. லேசாகத் தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும். அப்புறம் எழுந்திருக்க ஆள் இருக்காது. காரை வெளியே தள்ளி, திறந்த வெளியில் ஸ்டார்ட் பண்ணுங்கள்.

பலகை அறுக்கும் தூள் சாதாரணமானதில்லை. மரத்தூளையும், பலகைப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கைக்குட்டை போதாது, நல்ல மாஸ்க் போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி. ஆஸ்துமாக்காரர்கள் வெட்டும் வேலையைத் தச்சரிடமே கொடுத்துவிடலாம். ஈயம் கலந்த சால்டரிங் கம்பியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முறுக்கு எடுத்துத் தின்னாதீர்கள். அதன் புகையும் மூச்சுக்குழலுக்கு ஆகாது.

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த தாத்தா வீட்டில் இருந்தால், பெரிய ஸ்பீக்கரின் காந்தத்தை மார்போடு அணைத்துத் தூக்கவிடாதீர்கள். அரை அடியாவது தள்ளியே இருக்கட்டும். காரில் பின்சீட்டில் உட்காருவதில் தப்பில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பயமுறுத்த இல்லை. 2004-ல் 'தோராக்ஸ்' என்ற மருத்துவ இதழில் நாலு ஆண்களின் கதை வந்தது. உரத்த இசைக்கு நடுவே நெஞ்சு சுரீரென்று வலித்து, நுரையீரல் சுருங்கிப்போனவர்கள். அதில் ஓர் இளைஞர், 1000 வாட் 'பாஸ் பாக்ஸ்' வைத்த காரை ஓட்டிக்கொண்டிருந்தவர். அபூர்வமாகத்தான் இப்படி நடக்கும். ஒல்லியாக, உயரமாக, சிகரெட் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இந்த உபாதை பொதுவாகவே கூடுதல். பாட்டின் நடுவே திடீரென்று ஒரு பக்க நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வந்தால், 'வாயு' என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

திருகை எங்கே நிறுத்துவது?

எல்லாம் மாட்டியாயிற்று. ஆம்ப்ளிஃபயரில் 'கெயின்' என்று ஒரு திருகு இருக்கும். பலரும் அதை இரண்டாவது வால்யூம் என்று நினைத்து முழுசாகத் திருகிவிடுகிறார்கள். முன்னால் இருக்கும் ஸ்டீரியோவின் தரத்துக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதற்கு மட்டும்தான் அது. 'பாஸ் பூஸ்ட்'டை அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் பங்குக்கு வைத்து, கெயினைச் சுழியிலிருந்து மெல்ல ஏற்றி, ஓசை கரகரக்க ஆரம்பித்ததும் கொஞ்சம் பின்வாங்கி நிறுத்த வேண்டும். இந்த வேலை நடக்கும்போது காதில் அடைப்பான் இருக்கட்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்-ஊஃபருக்கு, மேலே கதவு ஸ்பீக்கருக்கு என்று பாகம் பிரித்துவிட்டால் சண்டை இல்லை.

அப்புறம் ஒலி அளவியைக் காதருகே பிடித்து, 80 டெசிபல் வந்த இடத்தில் வால்யூம் எண்ணைப் பார்த்தோம். 14. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டீரியோ பக்கத்தில் ஒட்டினேன். குழந்தைகள் ஏறினால் 11. ஒலி அளவி இல்லாதவர்கள் செல்போன் செயலியில் பார்க்கலாம். சில டெசிபல் முன்னே பின்னே காட்டும், ஆழ்ந்த பாஸ் ஓசையைக் குறைத்தே காட்டும். அதனால் 75-லேயே நிறுத்துங்கள். அதுவும் இல்லையென்றால், பக்கத்து சீட்டுக்காரரிடம் கத்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். கத்த வேண்டியிருந்தால் இறக்குங்கள்.

வெளியே இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. தெருமுனையில் டிக்கியைத் திறந்து வைத்துப் பாட்டுப் போடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

"மாமா, நீங்க சித்த வைத்தியர்தானே? காதுக்கு ஏதாவது தைலம் இருக்கா?" என்று கடைசியில் கேட்டான். கேட்பான் என்று தெரியும், கிளினிக்கில் எல்லோரும் கேட்பதுதான். காது இரைச்சலை நாங்கள் வாதத்தின் குற்றமாகப் பார்ப்போம். புதன், சனி எண்ணெய் முழுக்கு, நேரத்துக்குத் தூக்கம், காபியைக் குறைப்பது எல்லாம் சொல்வேன். சிலருக்கு இரைச்சலின் தொந்தரவு குறைந்து தூக்கம் வருகிறது. ஆனால் செத்துப்போன மயிர்க்கால் செல்லை உயிர்ப்பிக்கும் தைலம் என்னிடம் இல்லை. இருப்பதாக யாராவது விற்றால் வாங்காதீர்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சுடச்சுடக் காதில் விடும் பழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ சீழ் வடிந்தாலோ அது பெரிய வம்பு. திடீரென்று ஒரு காது முழுசாக அடைத்துக் கேட்காமல் போனால், 'நாளைக்குச் சரியாயிடும்' என்று இருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓடுங்கள். அதற்கு எவ்வளவு சீக்கிரம் மருந்து கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. என்னிடம் வர வேண்டாம்.

தை அறுவடை முடிந்து, சித்திரையில் மறுபடி ஆடியோகிராம் எடுத்தோம். தாளைக் கையில் வாங்கி அவனே முதலில் பார்த்தான். 4000-இல் வலது காது 45, இடது காது 40. பள்ளம் அப்படியே இருந்தது. கூடுதலாக இறங்கவில்லை. திரும்பி வரும்போது அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்டுக்கொண்டு வந்தாள். வால்யூம் 13-ல் இருந்தது. "இன்னும் கொஞ்சம் வைடா" என்றாள். "14 வரைதாம்மா" என்றான்.